ஒரு ஸ்தாயி கீழே

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். நான் உட்கார்ந்து மடியருகே நிறுத்தினால் என் தலைக்கு மேலே நிற்கும். மடிப்புகளைப் பிரித்து நீட்டினால், என்னைப் போல மூன்று பேரைத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்த நீளம் வரும். வயிற்றில் தண்ணீர் சேரும், ஆனால் குடம் இல்லை. பெரும்பாலும் பேசாது. பேசினால் உங்கள் நாற்காலிக்கு முதலில் தெரியும், காதுக்குப் பிறகுதான் தெரியும். அது என்ன? பள்ளிக்கூடங்களுக்கு நாங்கள் வாத்தியங்களைக் காட்டப் போகும்போது பிள்ளைகளிடம் இப்படித்தான் கேட்கிறேன். யானை என்பார்கள். தீயணைப்பு வண்டி என்பார்கள். ஈசூன் பள்ளி ஒன்றில் ஒரு பையன் எழுந்து நின்று, "எங்க டாடி, டீச்சர்!" என்றான், வகுப்பே உருண்டு சிரித்தது. பஸ்ஸூன் என்ற மரக்குழலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கான்ட்ராபஸ்ஸூன் என்று இதுவரை ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே பதினான்கு வருடம் இதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பஸ்ஸூன் வாசித்தவள், ஒரு தடவைகூட இதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது இது என் முன்னால் நிற்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகையில் சிம்பொனியின் இரண்டாம் பகுதியைத் தொடங்கியாயிற்று. என் தாளில் தடித்த கோடு ஒன்று, அதன் தலையில் தொண்ணூற்றாறு என்று ஓர் எண். தொண்ணூற்றாறு தாளக் கட்டம் சும்மா இரு என்று அதற்குப் பொருள். பிறகு ஒரே ஒரு சுரம். பிறகு மறுபடியும் சும்மா. இடது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறேன். விரலுக்கு மூன்று கணு, சுற்றுக்குப் பன்னிரண்டு, எட்டுச் சுற்று. சின்ன வயதில் கோயில் மண்டபத்துப் பாட்டு வகுப்பில் பழகியது. மற்றவர்கள் மனசுக்குள் எண்ணுகிறார்கள். எனக்கு விரல் இல்லாமல் எண்ணிக்கை நிற்காது. இரண்டாம் சுற்று, நடுவிரல், மேல் கணு. என் மகள் லோஷினி எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

அதோ, அரங்கின் நடுவில், காலியான இருக்கைகளுக்கு இடையே, பள்ளிச் சீருடையோடு. பக்கத்து இருக்கையில் பையை உட்கார வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வயது. முழங்கையை முன் இருக்கையில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கிக் கேட்கிறாள். யாரைக் கேட்கிறாள் என்று இங்கிருந்து எப்படித் தெரியும்? என் வலப்பக்கம் உட்கார்ந்து பஸ்ஸூன் வாசிக்கும் ஏட்ரியன் டியோவைத்தான் கேட்பாள். என்னைக் கேட்க என்ன இருக்கிறது? சும்மா இருப்பதையா? காலையில் அவளைப் பள்ளியில் விடப் போகும்போது பேருந்தில் கேட்டேன், என்னம்மா முடிவு பண்ணினாய் என்று. "இன்னைக்கு ரிகர்சல் கேட்டுட்டுச் சொல்றேன் மா," என்றாள். கேட்டுவிட்டுச் சொல்வாளாம். இனிமேல் பஸ்ஸூனை என்னிடம் கற்பதா, ஏட்ரியனிடம் கற்பதா என்று. அவள் ஒன்பது வயதில் முதல் தடவை ஊதியபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாண்டி கதவைத் தட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாம் சுற்றா? மூன்றாம் சுற்று, ஆள்காட்டி விரல், நடுக் கணு. இருக்க வேண்டும். செல்லோக்கள் அந்த ஏறும் வரிக்கு வந்துவிட்டன, அப்படியானால் சரிதான்.

தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். கான்ட்ரா வாசித்த கிழவர் பெர்த்துக்கு மகனோடு இருக்கப் போய்விட்டார், ஆள் கிடைக்கும்வரை நீ பார்த்துக்கொள், விரல் வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதானே, உனக்குத்தான் பொறுமை இருக்கிறது. பொறுமை! அந்தச் சொல்லை யாராவது என்னைப் பார்த்துச் சொன்னாலே எனக்கு எதையாவது கைமாற்றிவிடப் போகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. வீட்டில் பொறுமை, மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது பொறுமை, இங்கேயும் பொறுமை. ஏட்ரியன் என் இரண்டாம் பஸ்ஸூன் நாற்காலிக்கு மூன்று மாதத்துக்கு வந்தான். இது இரண்டாம் வருடம். விரல் ஒன்றுதான், யார் இல்லை என்றது? வாய் ஒன்று இல்லையே. நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரிதான் எங்கள் இரண்டு வாத்தியத்துக்கும், இரண்டு நாணல் நாக்கைச் சேர்த்துக் கட்டியது. பஸ்ஸூன் சீவாளியை உதட்டால் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கான்ட்ராவின் சீவாளி பெரிசு. அதை இறுக்கினால் வாத்தியம் முனகும், பேசாது. உதட்டைத் தளர்த்தி, தாடையைத் தொங்கவிட்டு, தூங்குகிறவள் மாதிரி ஊத வேண்டும். அதுவும் தாள அடி விழுவதற்குச் சற்று முன்பே ஊத வேண்டும், காற்று அத்தனை வளைவும் சுற்றி வெளியே வர நேரம் பிடிக்கிறது. நான் பழகினேன். ஆறு மாதம் ஆனது. பழகிய பிறகு ஒரு நாள் வீட்டில் என் பஸ்ஸூனை எடுத்து ஊதினால், ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதுதான் இந்த விஷயத்திலேயே கொடுமை. தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும். என் உதடு தளர்ந்துபோய், சுரமெல்லாம் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. அடுக்குமாடி லிஃப்ட் தரைக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிற மாதிரி. கதவு திறக்கும், நீங்களும் வெளியே வந்துவிடுவீர்கள், கால் மட்டும் லேசாக இடறும். லோஷினி என் எதிரே உட்கார்ந்து நான் ஊதுவதைக் கேட்டு அதைப் போலவே ஊதினாள். நான் இறங்கினேன், அவளும் இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கியதால் எங்களுக்குள் எல்லாம் பொருந்தியே இருந்தது. பொருந்துகிறது, அழகாகப் பொருந்துகிறது என்று நான் தலையை வேறு ஆட்டினேன். என் வீட்டுக்காரர் சுகுமாரன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மாவும் பொண்ணும் ஒரே வாய்," என்று சொன்னார், பெருமைக்குத்தான் சொன்னார். சுருதிக் கருவியை எடுத்து மேசையில் வைத்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். வைக்கவில்லை. இத்தனை வருடம் வாசித்தவளுக்கு வீட்டில் எதற்குச் சுருதிக் கருவி? பிறகு லோஷினியின் இசைத் தேர்வு. தேர்வு அறையில் பியானோ இருந்தது. பியானோ யாருக்காகவும் இறங்காது. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன், முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. என் பெண்ணின் ஒவ்வொரு சுரமும் பியானோவுக்கு அடியில் நடந்து போனது. அவள் வெளியே வந்து பெட்டிக்குள் வாத்தியத்தைக் கழற்றி வைத்தாள், ஒவ்வொரு துண்டாக, துணியால் துடைத்துத் துடைத்து. "பியானோ ஏன் மா மேல இருக்கு?" என்று கேட்டாள். பியானோ மேலே இல்லை, நாம்தான் கீழே என்று ரயிலில் சொன்னேன், யூனோஸ் நிலையம் தாண்டிய பிறகு. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நாமன்னா? நான் உங்களைப் பார்த்துத்தானே வாசிச்சேன்," என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. கணக்கில் விடை ஏன் தப்பாக வந்தது என்று கண்டுபிடித்த மாதிரிச் சொன்னாள்.

ஐந்தாம் சுற்று. ஐந்தா, ஆறா? ஐந்து, சுண்டுவிரல். தேர்வு முடிந்த வாரம், ஒத்திகைக்கு முன்னால் அவள் பின்னறையில் ஊதிக்கொண்டிருந்ததை ஏட்ரியன் கேட்டுவிட்டான். என்னிடம் வந்து எவ்வளவு பணிவாகச் சொன்னான்! அவனைத் திட்டக்கூட வழியில்லாமல் சொன்னான். லோஷினிக்கு நல்ல மூச்சு, நல்ல காது, உதட்டை மட்டும் சரிசெய்தால் போதும், நீங்கள் கான்ட்ராவில் இருக்கும்போது உங்களுக்கு இரண்டையும் பார்ப்பது சிரமம் இல்லையா, விருப்பப்பட்டால் நான் சனிக்கிழமைகளில் பார்க்கிறேன். சிரமம் இல்லையா. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதனால்தான் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் பரு போகாத பையன். என் நாற்காலியின் உயரத்தைக்கூட அவன் மாற்றவில்லை, அப்படியே உட்கார்ந்துகொண்டான். இடப்பக்கத்திலிருந்து கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் ராஜரத்தினம் குனிகிறார். ஈப்போக்காரர், இந்த ஆர்க்கெஸ்ட்ராவில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். பாஸ் வரிசைக்கும் இப்போது ஓய்வு. "பூங்கோதை, தண்ணிய வெளிய ஊத்திடு தங்கச்சி. போன தடவை உன் பைப்பு கொளகொளன்னு கத்துச்சு, எனக்கே பசி எடுத்துடுச்சு," என்கிறார் உதடு அசையாமல். "ஊத்தியாச்சுண்ணே." "எங்கே இருக்கோம்?" "அறுபத்தொண்ணு." "ஐயோ, நான் அம்பத்தெட்டுல நிக்கிறேன் லா." "நீங்க எப்பவுமே மூணு கட்டம் பின்னாலதாண்ணே." அவர் மீசைக்குள் சிரிக்கிறார். நானும் சிரிக்கப் பார்க்கிறேன், வரவில்லை. இந்த ஆளுக்கு எந்தக் கவலையும் கிடையாது. அவரைப் போல ஆறு பேர் பாஸ் வாசிக்கிறார்கள், ஒருத்தர் தொலைந்தால் மற்றவர் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். கான்ட்ராபஸ்ஸூன் ஒன்றுதான். நான் தொலைந்தால் பார்த்துப் பிடிக்க யாருமில்லை.

இதோ வந்துவிட்டது. வரும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நான் நிமிர்ந்து உட்காருகிறேன். வயலின்கள் நிறுத்தும், முதல் பஸ்ஸூன் ஒரு வரி சொல்லும், இரண்டாம் பஸ்ஸூன் பதில் சொல்லும். பெரிய தனி வாசிப்பு ஒன்றும் இல்லை, எட்டுக் கட்டம், அதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் யாரும் குறிப்பிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பதில் என்னுடையது. மூன்று கண்டக்டர்களிடம் நான் அதை வாசித்திருக்கிறேன். கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்லாமல், நடுவில் ஓரிடத்தில் தயங்கி, பிறகு ஒத்துக்கொள்கிற மாதிரி இறங்கும். அந்தத் தயக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏட்ரியன் மூச்சு இழுக்கிறான். நல்ல மூச்சு. முதல் சுரம் சரியான இடத்தில், லிஃப்ட் தரைக்கு நேராக வந்து நிற்கிறது, கால் இடறவில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது, அவன் தப்பாக வாசித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருக்கிறது, தப்பாக வாசித்துவிடக் கூடாது என்றும் இருக்கிறது, அங்கே லோஷினி கேட்டுக்கொண்டிருக்கிறாள், நல்லதைத்தானே கேட்க வேண்டும். இப்போது நடு வரி, இப்போது அந்தத் தயக்கம், அவசரப்படாதே, இன்னும் கொஞ்சம், இடது கை மூன்றாவது விரலை இப்போது எடு, எடுத்து, வை, பெருவிரலை மாற்று... கண்டக்டர் ஹோல்ம் குச்சியை உயர்த்தி நிறுத்துகிறார். எல்லாரும் நின்றுவிட்டார்கள். எங்கேயோ தகரக் கூரையில் மழைத்துளி விழுவது மாதிரி டக், டக், டடக் என்று ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. பிறகு அதுவும் நிற்கிறது. என் விரல்கள் நின்றுவிட்டன.

என் விரல்கள்தான். பஸ்ஸூனில் விரலே துளையை மூடிவிடும், சத்தம் வராது. கான்ட்ராவில் எல்லாத் துளைக்கும் மூடிச் சாவி, ஒவ்வொன்றும் கரண்டி மாதிரி அடிக்கும். நான் ஊதவில்லை. சீவாளி என் வாயிலேயே இல்லை. ஆனால் கைகள் எண்ணுவதை விட்டுவிட்டு, எப்போது விட்டன என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏட்ரியனோடு சேர்ந்து இரண்டாம் பஸ்ஸூனை வாசித்துக்கொண்டிருந்தன. "மன்னிக்கவும், அது என்ன சத்தம்? யாராவது டைப் அடிக்கிறீர்களா?" என்று கேட்கிறார் ஹோல்ம். கோபமில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிறார். வயோலாக்காரர்கள் திரும்புகிறார்கள். "நான்தான்," என்று கையைத் தூக்குகிறேன், வகுப்பில் தூக்குவது மாதிரி. "சாவியைச் சரிபார்த்தேன்." சாவியைச் சரிபார்த்தாளாம், ஊசி விழுந்தால் கேட்கும் இடத்தில். "ஆ. சரிபார்த்தாயிற்றா?" "ஆயிற்று." யாரோ சிரிக்கிறார்கள், பெரிய சிரிப்பு இல்லை, இருமல் அளவுக்கு. ராஜரத்தினம் முணுமுணுக்கிறார், "ஒண்ணுமில்ல தங்கச்சி, ஒருக்கா எனக்கு வில்லே பறந்து போயிருக்கு." ஏட்ரியன் என் பக்கம் திரும்பவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான், காது மடல் சிவந்திருக்கிறது. அவனுக்குத் தெரியும். என்ன விரல் எந்த வரிசையில் விழுந்தது என்று காதுக்குப் பக்கத்தில் கேட்டவனுக்குத் தெரியாமலா? அவன் எனக்காக வெட்கப்படுகிறான். அதைவிட அவன் சிரித்திருக்கலாம். நான் அரங்கைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கும் அந்த விரல் வரிசை தெரியும். அவளுக்குச் சமையல் மேசையில் விரலால் தட்டிக் காட்டியதே நான்தான்.

வயலின் இறங்கும் வரியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்கிறார். என் கோட்டில் அது எத்தனையாவது கட்டம் என்று குறித்திருக்கவில்லை. எண்ணிக்கொண்டே வந்தவளுக்குத் தெரியும், எண்ணாதவளுக்கு எப்படித் தெரியும்? ராஜரத்தினத்தைப் பார்க்கிறேன். அவர் பென்சிலால் தன் தாளில் ஓர் இடத்தைத் தட்டி, நான்கு விரலையும் பிறகு இரண்டு விரலையும் காட்டுகிறார், நாற்பத்திரண்டு. மூன்று கட்டம் பின்னாலேயே நிற்கும் மனிதர், அவரை நம்பலாமா? நம்பாமல் என்ன செய்ய? இடது கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு எண்ணுகிறேன். அந்த எட்டுக் கட்டமும் மறுபடி வருகிறது, நான் கேட்கவில்லை, கணுவை மட்டும் தொடுகிறேன், கணு, கணு, கணு, அது என்னுடையது இல்லை, அது இரண்டாம் பஸ்ஸூனுடையது, நான் இரண்டாம் பஸ்ஸூன் இல்லை. இந்த வாக்கியத்தை ஒன்றரை வருடமாக நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுகுமாரன் கேட்டால்கூட, ஆள் கிடைத்ததும் மாறிவிடுவேன் என்றுதான் சொல்கிறேன். ஆள் தேடுகிறார்களா என்று நான் போய்க் கேட்டதும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும். எட்டாம் சுற்று. சீவாளியை வாயில் வைக்கிறேன். உதட்டைத் தளர்த்து. தாடையைத் தொங்கவிடு. அடிக்கு முன்னால், இதோ, முன்னால், ஊதுகிறேன், காற்று அத்தனை வளைவும் சுற்றிப் போய், ஒரு நொடி ஒன்றுமே இல்லை, பிறகு வருகிறது. சரியான இடம். செல்லோக்களுக்கு அடியில், பாஸ்களுக்கும் அடியில், நல்ல சுருதியில். இந்தப் பாழாய்ப்போன வாத்தியத்தில் நான் சுருதி பிசகுவதே இல்லை. நான்கு கட்டம் பிடித்து, நிறுத்துகிறேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாக வாசித்தால் இதுதான். தப்பாக வாசித்தால்தான் ஆர்க்கெஸ்ட்ராவே திரும்பும்.

இடைவேளை விடுகிறார்கள். எல்லாரும் காப்பிக்கு எழுந்து போகிறார்கள். நான் வளைகுழாயைக் கழற்றி, தண்ணீரைத் துணியில் வடிக்கிறேன், வடிக்க அவ்வளவு இல்லாதபோதும் வடிக்கிறேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். லோஷினி மேடைப் படியேறி, நாற்காலிகளுக்கு நடுவே பையை உரசாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஏட்ரியன் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, தன் சீவாளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, எடுத்து, மறுபடி போடுகிறான். "மா, அந்த டக் டக் நீங்கதானே?" என்கிறாள் தமிழில். "ஆமா." "சாவி செக் பண்ணல. செகண்ட் பஸ்ஸூன் வாசிச்சீங்க." "விரல் தானா போயிடுச்சு." "எல்லாம் கரெக்டா இருந்துச்சு. அந்த இடத்துல ஸ்லோ பண்றதுகூட," என்கிறாள். என்னைத் தேற்றுவதற்காக இல்லை, கவனித்ததைச் சொல்கிறாள். என் மூக்கு நுனி சுடுகிறது. "உங்க நோட்டு எப்ப மா வந்துச்சு? நான் பார்த்துட்டே இருந்தேன், தெரியவே இல்ல." "வந்துச்சு. முடியறப்ப." "ஓ." பையின் பட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிறாள். ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும். நான் கான்ட்ராவை விட்டுவிடுகிறேன், என் உதடு பழைய இறுக்கத்துக்குத் திரும்பிவிடும், ஆறு மாதம் கொடு என்று சொல்லலாம். அவளுடைய அடுத்த தேர்வு ஆறு மாதத்தில். என் உதடு திரும்பும் வரை அவள் யாரைப் பார்த்து வாசிப்பாள்? என்னிடமே இரு என்று கேட்டால் இருந்துவிடுவாள், அது எனக்குத் தெரியும். கேட்கிற மாதிரி முகம் வைத்தாலே போதும், அவளுக்கும் பொறுமை உண்டு. அந்தச் சொல் நினைவுக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியைப் பிழிகிறேன். "நீயே சொல்லு லோஷி. எனக்காகப் பார்க்காதே." "கோவமா?" "கோவம்தான். உன்மேல இல்ல." "பின்ன யார்மேல?" "அது எனக்கே இன்னும் சரியாத் தெரியல. நீ சொல்லு." அவள் என்னையும் பார்க்கிறாள், ஏட்ரியனையும் பார்க்கிறாள். ஏட்ரியனிடம் கற்றுக்கொள்வதாகச் சொல்கிறாள். சனிக்கிழமை காலை வரலாமா என்று அவனிடம் ஆங்கிலத்தில் கேட்கிறாள், அவன் வரலாம் என்கிறான்.